மாப்பிள்ளை சொன்ன கிளப் வரலாறு

செவ்வாய் இரவு, கிள்ளான், மலேசியா.

இன்று தங்கை மாலாவைப் பெண் பார்க்க வந்தவர் சுவீடனில் ஒரு ஐஸ் ஹாக்கி கிளப்பில் வேலை செய்கிறாராம். கேசரி ஆறும்வரை அதன் வரலாறுதான். எப்படித் தொடங்கினார்கள், எப்படிக் கீழ்ப் பிரிவுக்கு இறங்கி மீண்டு வந்தார்கள் என்று தடுமாறாமல் சொன்னார்.

"உங்க பாஸ் எப்படி?" என்றேன்.

"ரொம்ப நல்லவர் அண்ணே."

"ஆட்டக்காரங்க?"

"எல்லாரும் தங்கம்."

அங்கேதான் உறுத்தியது. துறைமுகக் கிடங்கில் இத்தனை வருஷம் இருக்கிறேன். அதை எப்போது கட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது. சூப்பர்வைசரைத் திட்டச் சொன்னால் விடிய விடியத் திட்டுவேன்.

மாலாவிடம் சொன்னேன்.

"உங்களுக்கு யாரப் பாத்தாலும் சந்தேகம்தான் லா, அண்ணே."

சம்பளம் வாங்குகிறவன் இப்படிப் பேசமாட்டான். ரசிகன்தான் பேசுவான்.

ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம்.