தனி நடக்கும்போது காபிக்குப் போனவன்

12.11.95, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். கேஸ் சிலிண்டர் இன்றும் வரவில்லை. சாக்ஸபோனில் ஒரு கீ ஒட்டிக்கொள்கிறது, சிகரெட் தாளைச் செருகி எடுத்தேன். பரவாயில்லை.

சாயங்காலம் ரெக்கார்டிங். மயிலாப்பூர் ஹாலில், ஜனங்களை உட்கார வைத்து, ஒரே தடவை. பணம் தி.நகர் கேசட் கம்பெனி செல்லத்துரை அண்ணாச்சி. நச்சரித்தவன் நான். தினமும் ஹோட்டலில் என்னோடு வாசிக்கும் சேவியரின் ட்ரம்பெட்டும் என் சாக்ஸும் ஒரு கேசட்டிலாவது சேர்ந்து இருக்க வேண்டாமா? வெள்ளிக்கிழமை மஸ்கட் போகிறான், அங்கே ஒரு ஹோட்டல் பேண்டுக்கு. குடும்பத்தோடு. இனி எங்கே திரும்புவது.

இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டேன்.

13, திங்கள்

மழை இல்லை. தூக்கமும் இல்லை.

எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசி உருப்படியில் முரளி டிரம்ஸில் தனியாக ஆரம்பித்தான். தனி ஆவர்த்தனம் என்றால் மயிலாப்பூர் என்ன செய்யும்? எழுந்தது. ஜாஸாவது ஒன்றாவது. நாற்காலிகள் கரகரவென்று. "தனிதானே ஓய், வாரும், போண்டா தீர்ந்துடும்." முரளி முகம் எப்படிப் போயிற்றோ. நான் பார்க்கவில்லை. ஏனென்றால் நானும் போய்விட்டேன்.

சத்தியமாக யோசிக்கவே இல்லை. அரைக்கால் சட்டை நாளிலிருந்து அப்பாவோடு கச்சேரிக்குப் போய்ப் படிந்த புத்தி. ஹோட்டலில் ஒருநாளும் இப்படிச் செய்ததில்லை. அந்த ஹால், அந்த டிகாஷன் வாசனை. மேடையின் பக்கப் படி, பக்கக் கதவு, கேன்டீன். கால் தானாக இறங்கிற்று, கடன்காரக் கால்.

டம்ளரும் கையுமாக நிற்கும்போது உள்ளே ட்ரம்பெட். டிரம்ஸுக்கு நடுவே சேவியர் புகுந்துவிட்டான். அப்படி அவன் வாசித்து நான் கேட்டதே இல்லை. கேன்டீன் மொத்தமும் தட்டோடு வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. நான் அவர்களுக்குப் பின்னால். "கொஞ்சம் வழி விடுங்கோ, நான் மேடைக்குப் போகணும்" என்கிறேன், எவன் கேட்டான்? முண்டியடித்து உள்ளே போவதற்குள் கைதட்டல்.

ஒரு மாமா: "எழுந்து போறவாளைப் பார்த்து அவனுக்குக் கோபம் வந்துடுத்து. பேஷ்!"

சேவியர் ட்ரம்பெட்டைத் துடைத்துப் பெட்டியில் வைத்தான், போனான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

14, செவ்வாய்

செய்ய வேண்டியவை: சாக்ஸுக்குப் புது ரீட். போன் பில். முரளியிடம் மன்னிப்பு. அண்ணாச்சி.

பில் கட்டினேன். பாண்டி பஜாரில் செருப்பு அறுந்தது. அண்ணாச்சி ஆபீஸில் வெறுங்காலோடு உட்கார்ந்து டேப் கேட்டேன்.

ட்ரம்பெட் கொஞ்சம் வாசிக்கிறது, நிற்கிறது. வாசிக்கிறது, நிற்கிறது. கோபமா அது? ஹோட்டலில் தினமும் செய்வதுதானே: அவன் கேட்பான், நான் பதில் சொல்வேன். என் பதிலுக்கு இடம் விட்டுவிட்டுப் போகிறான், பாவி. அந்த இடத்திலெல்லாம் டிரம்ஸும் நாற்காலிச் சத்தமும். ஓரிடத்தில், மணி மாதிரி ஒரு குரல்: "சக்கரை இன்னும் கொஞ்சம் போடுங்கோ."

என் குரல். கைதட்டலைப் பிடிக்கப் பக்கக் கதவருகே ஒரு மைக் தொங்கவிட்டிருந்தார்களாம்.

அண்ணாச்சி கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு வியாபாரம். "கவலப்படாதீய சார்வாள். வியாழக்கெழம சாயந்தரம் ஸ்டூடியோ எடுத்துருதேன். அந்த எடத்துல எல்லாம் நீங்க வாசிச்சிருங்க, மேல ஒட்டிருவோம். சக்கரையும் மறைஞ்சிரும். எவனுக்குத் தெரியப்போவுது?"

சரி என்றேன். ஒரு நகலும் வாங்கிக்கொண்டேன். ஏன் சரி என்றேன்?

15, புதன்

உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. கோயில் குளத்தைச் சுற்றினேன், மறுபடி சுற்றினேன். வீட்டில் டேப்பைப் போட்டு அந்த இடங்களில் வாசித்துப் பார்த்தேன். அருமையாக வருகிறது. அதுதான் எரிச்சல். இது ஞாயிற்றுக்கிழமை வந்திருக்க வேண்டியது.

கமலா: "ஏன்னா, இப்படிக் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துண்டே இருந்தா ஆச்சா? சேவியர்கிட்டப் போய்ச் சொல்லிட்டு வாங்கோளேன்."

"என்னன்னு சொல்றது?"

"காபி குடிக்கப் போனேன்னு. கொலையா பண்ணிட்டேள்?"

உனக்கு ஒன்றும் தெரியாது என்று கத்தினேன். அவள் சொன்னதுதான் சரி. கேஸ் வந்தது.

16, வியாழன்

வெயில். சாந்தோம் போனேன். சேவியர் வீடு முழுக்கப் பெட்டியும் கயிறும். டேப் ரிக்கார்டரை மட்டும் இன்னும் கட்டவில்லை. கேசட்டைப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். சக்கரை வந்ததும் கண்ணைத் திறந்தான்.

"நான் உன்ன கூப்ட்டுக்கினு கீறேன், நீ அங்க சக்கரை கேட்டுக்கினு கீறியா?"

"ஜனங்க எழுந்து போனதுல உனக்குக் கோபம்னு..."

"அவங்க போனா இன்னா, வந்தா இன்னா? திரும்பிப் பாத்தேன், நீ இல்ல. உன்னத்தான் மச்சி கூப்ட்டேன்."

ஒருவழியாக ஸ்டூடியோ விஷயத்தைச் சொன்னேன். இன்று சாயங்காலம் வாசித்து ஒட்டிவிடலாம், அந்தக் குரல் இருக்காது என்றேன். அவன் பெட்டிக் கயிறு ஒன்றை இறுக்கி முடித்துவிட்டுத்தான் பேசினான்.

"வாணாம். அத்த எடுக்காத. சாக்ஸ் ஊத மஸ்கட்லயும் ஆள் கீறான். இப்டி சக்கரை கேக்க எவன் கீறான் எனக்கு?"

இரண்டு பேரும் சிரித்தோம். அவன் முதலில் அழுதானா நானா தெரியாது. அவன் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தெருமுனைக் கடையிலிருந்து அண்ணாச்சிக்கு போன். ஸ்டூடியோவுக்கு வரவில்லை, இருக்கிறபடியே போடுங்கள் என்றேன். கத்துகிறார். கத்தட்டும்.