ஆறாம் சனலில் நீ வாசித்தது

பல் வைத்தியர்கள் பாவிக்கும் சின்னக் கண்ணாடி ஒன்று என்னிடம் இருக்கிறது, உனக்குத் தெரியும். வாத்தியங்களின் வயிற்றுக்குள் பார்ப்பதற்காக வாங்கியது. இரண்டு மாதம் முன்பு ஒரு புதன்கிழமை அதை உன் யுகுலேலேயின் துளைக்குள் விட்டு, டோர்ச் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோதுதான் அந்தத் தையலைக் கண்டேன்.

சோற்றுப் பார்சல் சுற்றுகிற அலுமினியத் தாள். அதைக் கொண்டு, வாத்தியத்தின் சத்தத்தைப் பிடிக்கிற பிக்கப் தகட்டையும் அதிலிருந்து வரும் வயரையும் இரைச்சல் புகாதபடி மூடியிருந்தாய். அடியில் லைனிங் துணி வைத்து, ஓரங்களை மடித்து, சட்டைக் கழுத்துப் பட்டியை வெட்டுவது போல அளவாக வெட்டியிருந்தாய். அலுமினியத்தில் பற்றவைக்கிற ஈயம் ஒட்டாது. என் தொழிலில் இது எல்லாருக்கும் தெரியும். ஒட்டாதென்றால் நாங்கள் கைவிட்டுவிடுவோம். நீ தையல்காரன், விடுவாயா? செம்புக் கம்பியில் ஒரு இழையைப் பிரித்தெடுத்து, ஊசியில் கோத்து, தாளோடு தைத்து, மறு முனையை, வயர் குத்துகிற ஜாக்கின் ஏர்த் பக்கத்தில் இறுக்கிச் சுற்றியிருந்தாய். பதினொரு தையல். ஒன்றுகூடக் கோணவில்லை. அந்தச் சின்னத் துளைக்குள் எப்படித்தான் விரலை விட்டாயோ தெரியாது.

சவுண்ட் சாமான் திருத்துகிற என் கடைக்குள் உன் மகள் மெலனி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் அழக்கூடாது என்று ஃபேனைப் போடுகிற சாட்டில் எழுந்து போனேன்.

இதைச் செய்துவிட்டு ஏன் என்னிடம் காட்டவில்லை, மச்சான்? கேட்பது எளிது. காட்டியிருந்தாலும் நான் பார்த்திருக்க மாட்டேன் என்பது எனக்குத் தெரியும். கோளாறு உன் வாத்தியத்தில்தான் என்று நான் அதற்கு முன்பே முடிவு கட்டிவிட்டேனே.

அந்தக் கடைசி ஒரு வருடம் நாம் இரண்டு பேரும் அந்த இரைச்சலோடு பட்ட பாடு கொஞ்சமா? எத்தனை வருடமாக ஒன்றாகக் கலியாண வீடுகளுக்குப் போனோம்! நான் மிக்ஸருக்குப் பின்னால், நீ மேடையில். கிழமை நாளில் தையல் மெஷின், சனி ஞாயிறில் யுகுலேலே. உங்கள் பறங்கியர் கலியாணமென்றால் கப்ரிஞ்ஞா ஆட்டத்துக்கு நீதான் முன்னுக்கு நிற்க வேண்டும். அப்போதெல்லாம் நீ மைக்குக்குக் கிட்டப் பிடித்து வாசித்தாய், ஒரு தொல்லையும் இருக்கவில்லை. சத்தம் போதவில்லை என்று பிக்கப் தகடு ஒட்டி, வயர் இழுத்து என் மிக்ஸரில் ஆறாம் சனலில் கொண்டுவந்து குத்தினாய். அன்றைக்குத் தொடங்கியது அந்த "ஊம்..."

உன்னை நான் படுத்தாத பாடு இல்லை. வயரை மாற்றினேன். உன் போனை அணைக்கச் சொன்னேன். லைட்டுக்குக் கிட்ட நிற்காதே என்றேன். வடக்கே பார், மேற்கே பார் என்று வாத்தியத்தோடு உன்னைச் சுழற்றினேன். நீ வாவிப் பக்கம் திரும்பி நின்று, "இஞ்சால பார்த்தாக் கொஞ்சம் குறையுதுகா. மாப்பிள்ள பொம்புளைக்கு முதுகக் காட்டிட்டு வாசிக்கட்டா?" என்று கேட்டாய். நான் சிரிக்கவில்லை. நீயே சிரித்துவிட்டு, "வாவியில மீன் பாடுற ஊரடா இது. பெட்டி பாடினா மட்டும் என்ன?" என்றாய்.

ஒரு நாள் ஜாக்கின் இரும்பில் உன் சின்ன விரல் பட்டதும் இரைச்சல் பாதியாகக் குறைந்தது. கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் கூப்பிட்டாய். நான் என்ன சொன்னேன்? "அதத்தான்டா நானும் சொல்றன். கோளாறு உன்ட சாமான்லதான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்!"

இன்னொரு நாள் சொன்னாய்: "மச்சான், பாடக்குள்ள மைக் உதட்டக் கடிக்குதுடா. கூசுது."

இதைத்தான் என்னால் தாங்க ஒண்ணாமல் இருக்கிறது. மைக் உதட்டில் கூசினால் எங்கோ ஏர்த் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். மின்சார வேலை பழக வந்த முதல் கிழமையிலேயே எனக்குச் சொல்லித்தந்த விஷயம் அது. வேறு யாராவது சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் நிறுத்தியிருப்பேன். நீ சொன்னதால், "மீசைய வழிச்சிட்டு வா, கூசாது" என்றேன். மற்றவர்கள் சிரித்தார்கள். நீயும் மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தாய். உன் உயிரோடு விளையாடியிருக்கிறேன், பாவி.

பிறகு மெலனியின் கலியாணம் வந்தது. அதற்கு மூன்று மாதம் முன்பே கடைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு இருந்தாய். அவள் குழந்தையாக இருக்கும்போது, மெஷின் மிதிக்கிற தாளத்துக்கு நீ முணுமுணுக்கும் மெட்டு ஒன்று உண்டு. பெயர் கிடையாது, வீட்டில் 'மெலனிட பாட்டு' என்பீர்கள். அதைக் கலியாண மண்டபத்தில் வாசிக்கப் போவதாகச் சொன்னாய்.

"அதுக்கு ரெண்டாம் பகுதி ஒண்டு புதுசாப் போட்டிருக்கன்."

"வாசி பாப்பம்."

"ஆருக்கும் வாசிக்க மாட்டன். அண்டைக்குத்தான் அவளும் கேக்கணும், நீயும் கேக்கணும். கீபோட்காரனுக்குப் பின்னால வாசிக்கிற கோட்ஸ் மட்டும் எழுதிக் குடுத்திருக்கன். நீ எனக்கு ஒண்டு செய்டா. அண்டைக்கு ஒரு நாள் இரைச்சல் இல்லாம எடுத்துத் தா. மறுகா நான் உன்னக் கேக்க மாட்டன்."

நான் தலையை ஆட்டினேன். தலையை மட்டும்தான் ஆட்டினேன்.

கலியாணத்தன்று பகல் பன்னிரண்டு மணிக்கு மண்டபம் நிறைந்திருந்தது. நீ தைத்த கோட்டு, நீ தைத்த கவுன். மேடையில் ஏறும்போது என் காதில், "இண்டைக்கு இரைக்காது பார். நான் வேல பாத்து வச்சிருக்கன்" என்றாய். என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. வயரைக் குத்தினாய். "ஊம்..." முன்னையை விடப் பெரிதாக. மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நீயும் பார்த்தாய். அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. என் பெயர் கெடுகிறதே என்ற கோபம், வேறொன்றும் இல்லை. ஆறாம் சனலின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஃபேடரை அடிமட்டத்துக்கு இழுத்துவிட்டேன். மேடையின் மறு கோடியில் இருந்த கீபோட்டைக் கூட்டினேன். உன் காலடியில் இருந்த மொனிட்டர் பொக்ஸை மட்டும் குறைக்கவில்லை. ஃபேடரை இழுத்தாலும் அதற்குப் போகிற சத்தம் போய்க்கொண்டுதான் இருக்கும். ஆகவே உனக்கு நீ வாசிப்பது கேட்டது. சபைக்குக் கேட்கவில்லை. பெரிய பெட்டிகளில் கீபோட் மட்டும்தான் போனது. உன் மொனிட்டரிலும் இரைச்சலைத் தெரியாதபடி வெட்டிக் கொடுத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை அது, அதையும் எவ்வளவு நேர்த்தியாகச் செய்தேன் பார்.

நீ கண்ணை மூடிக்கொண்டு வாசித்தாய். சபை கைதட்டியது. பெண்ணின் தகப்பன் வாசித்தால் தட்டத்தானே செய்வார்கள்? இறங்கி நேரே என்னிடம்தான் வந்தாய். கழுத்தெல்லாம் வியர்வை.

"நான் சொன்னன் தானே! தொடக்கத்துல கொஞ்சம், மறுகா இரைச்சலே இல்ல, பாத்தியா?"

"ஓம் மச்சான்," என்றேன். "நல்லா வந்தது."

நீ என் கையைப் பிடித்துக் குலுக்கினாய்.

அதன் பிறகு ஒலிப்பதிவைக் கேட்டு மூன்று தடவை வந்தாய். பெரிய பெட்டிகளுக்குப் போன சத்தம்தான் பதிவிலும் இருந்தது. அதில் நீ இல்லை. பென்டிரைவைக் காணவில்லை என்றேன். தேடுகிறேன் என்றேன். மூன்றாவது தடவை ஓட்டமாவடிக்குத் துணி எடுக்கப் போகும் வழியில் வந்தாய். கடைக்குள் ஏறாமல் வாசலிலேயே நின்று, "வரக்குள்ள எடுத்திட்டுப் போறன், தேடி வை" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாய். திரும்பி வரும் பஸ்ஸில் உனக்கு நெஞ்சு நோ வந்தது. துணிப் பார்சலை மடியில் வைத்தபடியே போய்விட்டாய் என்று சொன்னார்கள். செத்த வீட்டில் என் மனதின் ஒரு மூலையில், இனிக் கேட்க ஆள் இல்லை என்று ஒரு ஆறுதல் வந்ததடா. அதையும் உன்னிடம் சொல்லிவிட வேண்டும்.

கேட்க ஆள் இருந்தது. அந்தப் புதன்கிழமை உன் யுகுலேலேயைத் துணியில் சுற்றிக்கொண்டு மெலனி வந்தாள்.

"சத்தமே வருதில்ல அங்கிள். அப்பாட சாமான், வேற ஆரிட்டயும் குடுக்க மனமில்ல." பிறகு, "கலியாணத்தண்டு இரைச்சல் இல்லாமச் செஞ்சு தந்தது நீங்கதான் எண்டு அப்பா எல்லாருக்கும் சொல்லித் திரிஞ்சவர். அந்த ரெக்கோடிங் இருக்கா? என்ட போன்ல எடுத்ததுல அப்பாட சத்தம் விழல்ல. போன் பிழை போல."

ஜாக்கில் ஒரு வயர் விட்டிருந்தது, அவ்வளவுதான். பற்றவைத்தேன். மேசையில் இருந்த சின்ன அம்ப்ளிஃபயரில் குத்தினேன். சுத்தமான சத்தம். இரைச்சல் என்று ஒரு துளி இல்லை. நம்பாமல், கலியாணங்களுக்குக் கொண்டுபோகிற மிக்ஸரை இறக்கி, வேலைகளில் சுவரிலிருந்து கரண்ட் இழுப்பதற்கு என் கையால் செய்த வயர்கோட் பெட்டியில் கரண்ட் எடுத்துப் பார்த்தேன். "ஊம்..." சுவரில் இருந்து நேரே எடுத்தேன். நின்றது. மறுபடி பெட்டி. "ஊம்..."

பெட்டியைத் திறந்தேன். பச்சை மஞ்சள் வயர், ஏர்த் வயர், பாதியில் வெட்டப்பட்டுக் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. வெட்டியது நான்தான். நீ பிக்கப் ஒட்டுவதற்குக் கொஞ்சம் முன்பு, வவுணதீவுப் பக்கம் ஒரு கோயில் வேலைக்குப் போனபோது ஜெனரேட்டரில் ஏதோ கூவியது. அவசரத்துக்கு ஏர்த்தை வெட்டினேன், கூவல் நின்றது. சவுண்ட்காரர் பலரும் செய்கிற களவு வேலை அது. செய்தால் இறங்கியவுடன் திரும்பப் பூட்டிவிட வேண்டும். நான் டேப்பைச் சுற்றி மூடிவிட்டு மறந்துபோனேன். மற்ற வாத்தியங்கள் அதைப் பொறுத்துக்கொண்டன. உன் பிக்கப்பின் மெல்லிய சத்தத்துக்குத்தான் அது தாங்கவில்லை. நீ எவ்வளவு நேர்த்தியாகத் தைத்து என்ன? நீ தைத்த கம்பி போய்ச் சேரவேண்டிய வழியை நான் அறுத்து வைத்திருந்தேன்.

மெலனியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஃபேடரை இழுத்ததை, பொய் சொன்னதை, பென்டிரைவ் தொலையவே இல்லை என்பதை. அவள் ஸ்டூலில் இருந்தாள், நீ இருக்கிற அதே ஸ்டூல்.

"அப்பாக்குத் தெரியாதா?"

"தெரியாது புள்ள."

"கடைசி வரைக்கும்?"

"கடைசி வரைக்கும்."

"எனக்குக் கேட்டது எண்டுதான் அங்கிள் நான் நினைச்சிட்டிருந்தன்," என்றாள். "சின்னதுல கேட்ட பாட்டுத் தானே. காதுக்குள்ள அதுதான் ஓடியிருக்கு."

ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏசவில்லை. பதிவைப் போடச் சொன்னாள். கீபோட்டின் கோட்ஸ், ஃபேன் சத்தம், எங்கோ ஒரு பிள்ளை அழுகிறது. நடுவில் நீ இருக்க வேண்டிய இடம் வெறுமையாகப் போகிறது. பாதியில் நிறுத்தச் சொன்னாள். உன் யுகுலேலேயை எடுத்தாள். "முதல்ல இருந்து போடுங்க," என்றாள்.

அந்தக் கோட்ஸுக்கு மேல் மெதுவாக, தடவித் தடவி, உன் மெட்டை வாசித்தாள். முதல் பகுதி சரியாக வந்து பொருந்தியது. பிறகு கோட்ஸ் மாறியது. அவள் விரல் நின்றுவிட்டது. கீபோட் மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தது.

"மறுகா எப்பிடி வரும் அங்கிள்?" என்று கேட்டாள். "ரெண்டாம் பகுதி உங்களுக்குக் கேட்டிருக்குமே?"

கேட்டிருந்தது. அதுதான் மச்சான், இந்த மடலை எழுத வைத்தது. அன்று ஃபேடரை இழுத்த கையோடு நான் ஹெட்ஃபோனை மாட்டி, ஆறாம் சனலை மட்டும் என் காதுக்குத் திருப்பினேன். கோளாறு எங்கே என்று பிடித்து உன் முகத்துக்கு நேரே நிரூபிக்க வேண்டும் என்று. அந்த மண்டபத்தில் உன்னைத் தவிர அதை முழுதாகக் கேட்டவன் நான் ஒருவன்தான். முதலில் இருந்து கடைசி வரை கேட்டேன். இரைச்சலை மட்டுமே கேட்டேன்.

"தெரியாது புள்ள," என்றேன்.

ஏர்த் வயரைப் பூட்டிவிட்டேன். உன் பெயர் எழுதிய டேப் ஆறாம் சனலில் அப்படியே இருக்கிறது. அந்த ஃபேடரை நான் இப்போது கீழே இழுப்பதில்லை. மெலனி ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறாள். முதல் பகுதியை வாசிப்பாள், கோட்ஸ் மாறும் இடத்தில் நிறுத்தி என்னைப் பார்ப்பாள். நானும் கண்ணை மூடி நினைத்துப் பார்க்கிறேன். அந்த "ஊம்" மட்டும் அச்சொட்டாக வருகிறது.