எரிந்த புத்தகம் வந்த வழி

ஷாவா கிராமம், ஹெபெய்
1985 மார்ச் 9

திரு. கெங் ஷௌதியன் அவர்களுக்கு,

தோவ் ஷியூயிங் எழுதுகிறேன். உங்கள் நலம் விசாரிக்க எழுதவில்லை. எனக்கு ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். அதற்காகத்தான் பதினெட்டு வருடம் கழித்து உங்கள் பெயரை எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை லான்ஜோவிலிருந்து லுவான் ஜிகாங் என்று ஒருவர் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், ரயில்வேயில் வேலையாம். உங்கள் சீடன் என்று சொல்லிக்கொண்டு, துணியில் சுற்றிய ஒரு புத்தகத்தை மேஜைமேல் வைத்தார். பிரித்தேன். நம் ஒன்பது வாசல் சண்டைக் கலையின் குருவழிப் புத்தகம்! சரக்கு வண்டிக் காவலுக்கு வந்த யுன் ஆசான் பனியில் மாட்டிக்கொண்டு இந்த ஊரிலேயே தங்கியது, எங்கள் முன்னோருக்குக் கற்றுக்கொடுத்தது, ஐந்தாம் தலைமுறையான என் அப்பா வரைக்கும் பெயர்கள், எல்லாம் வரிசையாக இருந்தன.

அந்தப் புத்தகம் எரிந்துபோனது. 1967இல், கலாச்சாரப் புரட்சியின்போது, பள்ளிக்கூட மைதானத்தில் எரித்ததே நீங்கள்தானே? அப்பாவின் மூத்த சீடர், எங்கள் வீட்டுச் சோற்றில் வளர்ந்தவர், மேடையேறி அவரைப் பழைய குப்பை என்று திட்டிவிட்டுப் புத்தகத்தை நெருப்பில் போட்டீர்கள். பிறகு சிவப்புக் காவலர்கள் அடித்த அடியில் அவருடைய இடது மணிக்கட்டு உடைந்தது. நான் முன்வரிசையில் நின்றேன். உங்கள் முகத்தில் துப்பியதும் நான்தான்.

இப்போது எதற்குப் புத்தகம் வருகிறது? எனக்குத் தெரியும். முன்னோருக்குப் படைக்கும் சிங்மிங் திருநாளுக்குள் குருவழிக் கல்வெட்டு வைக்கப் போகிறோம். ஆறாம் தலைமுறைக்கு யார் பெயர் என்று இன்னும் முடிவாகவில்லை. அந்தச் சேதி உங்கள் காதுக்கு எட்டியிருக்கிறது. நம் கொல்லன் கீ புத்தகத்தை மோந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "அக்கா, இது டீத்தண்ணியில ஊறப்போட்ட காகிதம். ரெண்டு நாள் வெயில்ல போட்டா நூறு வருசப் புத்தகம் ரெடி!"

வந்தவரிடம் என்ன கேட்டாலும் ஒரே பதில்தான். "குரு புத்தகத்தக் குடுத்துட்டு வரச் சொன்னாரு. வேற எதுவும் பேச வேணாம்னுட்டாரு." நல்ல பாடம் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். கீயின் வீட்டில்தான் தங்கவைத்திருக்கிறேன், அவன் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது.

புத்தகம் போலியா, இல்லை அன்றைக்கே திருடியதா? அதை மட்டும் எழுதுங்கள்.

தோவ் ஷியூயிங்


ஷாவா கிராமம்
1985 மார்ச் 17

அன்புள்ள அண்ணா,

என் முந்தைய கடிதம் வந்திருந்தால் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

நேற்றுக் காலை ஜிகாங்கைக் களத்தில் ஆடிக்காட்டச் சொன்னேன். கீ, "வேசம் கலையுதா பாப்போம்" என்று பத்துப் பேரைக் கூட்டி வந்துவிட்டான். நானும் தப்புக் கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்தேன். நான்காம் வாசலில் இடது கையால் தள்ளுகிற இடம் வந்தது. அவர் மணிக்கட்டை மடக்கவில்லை. முழங்கையை வெளியே வீசிக் கையைத் திருப்பினார். "பாத்தீங்களா! யாரு சொல்லிக் குடுத்தது, கோழி பிடிக்கிறவனா?" என்று கீ சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடைந்த மணிக்கட்டு மடங்காமல் போனபிறகு, பின்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அப்பா அப்படித்தான் ஆடினார். என்னைத் தவிர ஊரில் யாரும் அதைப் பார்த்ததில்லை. அதற்கு முன்பே நீங்கள் ஊரைவிட்டுப் போயிருந்தீர்கள்.

எல்லோரையும் அனுப்பிவிட்டு, யார் கற்றுக்கொடுத்தது என்று ஜிகாங்கைக் கேட்டேன். என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய்ச் சொன்னார். "குரு இப்படி ஆடமாட்டாருங்க. இது அந்தப் பெரியவர் காட்டுனது." லான்ஜோவுக்கு மாறும் முன் நீங்கள் தேஜோ ரயில் கிடங்கில் இருந்தபோது, வருடாவருடம் அறுவடை முடிந்ததும் ஒரு கிழவர் வருவாராம். பை நிறைய காய்ந்த இலந்தைப் பழம். நாலு நாள் இருமிக்கொண்டே சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவாராம். எழுபத்தைந்தாம் வருடத்தோடு வருவது நின்றுவிட்டதாம். பெயர் என்ன என்று நீங்கள் சொன்னதில்லையாம்.

அப்பா இறந்தது எழுபத்தைந்தில். சளிக்கு மருந்து வாங்க என்று வருடாவருடம் தேஜோ போவார். அந்த இலந்தையைக் கட்டிக்கொடுத்தது நான். எதற்கென்று கேட்டால், "மருந்துக் கடைக்காரனுக்கும்மா" என்பார்.

அப்படியானால் அன்று நெருப்பில் போனது வேறு ஏதோ காகிதம். ஊர் முன்னால் எரித்தவன் பெட்டியை யாரும் சோதனை போடமாட்டார்கள் என்று அப்பாதான் யோசித்திருக்க வேண்டும். அவரைத் திட்டச் சொன்னதும் அவர்தானா? வீட்டில் உங்கள் பெயரைச் சொல்லக்கூடாது என்றாரே, அதைக் கோபம் என்றே நினைத்திருந்தேன். அவர் போனபிறகு நீங்கள் நான்கு கடிதம் போட்டீர்கள். என் வீட்டுக்காரர், "பிரிச்சாவது பாரு" என்றார். நான்கையும் பிரிக்காமல் திருப்பி அனுப்பினேன்.

இப்போது என் சந்தேகமெல்லாம் அப்பாமேல் வந்து நிற்கிறது. உங்களை நம்பியவர் பெற்ற மகளை ஏன் நம்பவில்லை? என் வாய்க்குப் பயந்தாரா? நான் உங்களை மனதார வெறுத்தால்தான் ஊர் நம்பும் என்று கணக்குப் போட்டாரா? அந்த வருடத்துக்குப் பிறகு இந்த வீட்டில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

உங்கள் நெஞ்சு நோயைப் பற்றி ஜிகாங் மூடி மூடித்தான் பேசுகிறார். ரயிலில் உட்கார்ந்து வர முடியாமல் சீடனை அனுப்பிய ஆள் எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியாதா? இருபத்தொன்றாம் தேதி நாங்கள் அங்கே புறப்படுகிறோம். கீயும் வருகிறான். "அண்ணங்கிட்ட எந்த மூஞ்ச வச்சிக்கிட்டுப் பேசுறது" என்று நேற்றிலிருந்து உலைப் பக்கமே போகவில்லை.

நான் வந்ததும் கல்லைப் பற்றியோ புத்தகத்தைப் பற்றியோ பேச வேண்டாம். அந்தக் கிடங்கில் அப்பா சிரித்தாரா, என்ன சொல்லிச் சிரித்தார், அதை மட்டும் எனக்குச் சொல்ல வேண்டும். சொல்வதற்கு நீங்கள் இருக்க வேண்டும் அண்ணா. சூடாகக் கஞ்சி குடியுங்கள், காற்றில் உட்காராதீர்கள், இருங்கள்.

உங்கள் தங்கை,
ஷியூயிங்