ஸ்வெட்டர் பாக்கெட்டில் எடைக்கல்

அம்மா,

கடையைத் திறக்க நான் போறேன், நீ படுத்துக்கோ. ரெண்டு முட்டை அவிச்சு மூடி வச்சிருக்கேன். ரெண்டும் உனக்குத்தான், தம்பி தட்டுக்குத் தள்ளிவிடாதே.

நேத்து உன் ஸ்வெட்டரைத் துவைக்க எடுத்தேன். பாக்கெட்டுல நம்ம கடையோட அரைக்கிலோ எடைக்கல்லு இருந்துச்சு. அதைக் காணோம்னு அப்பா கடையையே புரட்டிப்போட்டப்போ நீயும்தானே கூட நின்னு தேடினே? ஆஸ்பத்திரி எடை மெஷின்ல அதோடதான் ஏறினியா?

நாப்பத்திரெண்டு வயசுல வயித்தைத் தள்ளிக்கிட்டு நின்னா கடைக்கு வர்றவங்க சிரிப்பாங்கன்னு நீ அரை வயித்துக்குத்தான் சாப்பிடறே. சிரிக்கிறவங்களா வந்து பெத்துக்கப்போறாங்க? "இந்த வயசுல நல்லாச் சாப்பிடலேன்னா ரெண்டு பேருக்கும் ஆபத்து"ன்னு நர்ஸக்கா முதல்லயே சொன்னாங்க. கல்லைப் பாத்ததுலேர்ந்து எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. ராத்திரி உங்கிட்ட எரிஞ்சு விழுந்ததும் அதனாலதான்.

சாயங்காலம் மறுபடி எடை பாக்கணும். நானும் வர்றேன்.

கல்லு அரிசி மூட்டைக்குப் பின்னாடி கிடந்துச்சுன்னு அப்பாகிட்ட சொல்லிக்கறேன். வீட்டுச் சாவி ஜன்னல்ல இருக்கு. சாப்பிட்ட தட்டைக் கழுவாம வை, நான் வந்து பாக்கணும்.

இன்னொண்ணு. போன தடவை எடை கூடியிருக்குன்னு சொன்னப்போ, பாப்பாதான் வளருதுன்னு நெனச்சு நான் வழியெல்லாம் சிரிச்சுக்கிட்டு வந்தேன்மா.