தண்ணீர் இன்னும் தெளியவில்லை

மார்ச் 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் அக்கா அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். வந்து எட்டிப் பார்ப்பதற்குள் கேட்டுவிடுகிறேன். மலையில் பனி எவ்வளவு உருகியிருக்கிறது? பாலத்தின் நடுத்தூணில் நான் போட்ட வெள்ளைக் கோடு வெளியே தெரிகிறதா, தண்ணீருக்குள் போய்விட்டதா? மடுவின் மேல் குனிந்து பார்த்தால் அடியில் கிடக்கும் கல் தெரிகிறதா? மூன்றுக்கும் வரிசையாகப் பதில் எழுது. நீ பஸ் ஓட்டிய காலத்துக் கதையெல்லாம் அப்புறம்.

மகள் வீட்டில் ஒரு குறையும் இல்லை. மூன்றாவது மாடி, வெயில் வருகிற ஜன்னல். அவள் மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பியதும் நானும் உன் அக்காவும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம். "எத்தனை நேரம்தான் இந்த முகத்தையே பாக்கறது?" என்று நேற்றுக் கேட்டாள். நான் கேட்டிருந்தால் வீடு இரண்டாகியிருக்கும். எழுந்துபோய் வராந்தாவில் நடக்கிறேன். கீழ் வீட்டுத் தையல்காரர் மேலே ஏறி வந்து, "சார், ஏதாவது தொலைஞ்சு போச்சா? நாளெல்லாம் யாரோ தேடிட்டே இருக்கற மாதிரி சத்தம் கேக்குது" என்றார்.

அக்டோபரில் விழுந்தேன், வாஸ்தவம். பாசிக் கல். ஆற்றில் நிற்கிறவன் ஒரு தரமாவது விழத்தான் செய்வான். அன்றைக்குத் தூண்டில் போட வந்திருந்த அந்தப் பல் டாக்டர் என்னைச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டதை, வாயைத் திறக்கிற ஒவ்வொரு நோயாளியிடமும் சொல்லிக்கொண்டிருப்பார். சொல்லட்டும். ஒரு மாதத்தில் நான் அங்கே இருப்பேன். அதுவரை நம் ஆற்று வீட்டில் தங்கித் தூண்டில் போட வருகிறவர்களை நீ கூட்டிப் போ. ஆழத்தில் இறக்கிவிடாதே. நீயும் இறங்காதே, உனக்குப் பஸ்ஸில்தான் பிரேக் உண்டு.

அன்புடன்,
அத்தான்


மார்ச் 17

அத்தான்,

மூன்றுக்கும் வரிசையாகப் பதில். பனி உருகி வந்துகொண்டே இருக்கிறது. வெள்ளைக் கோடு உள்ளே போய்விட்டது. கல் தெரியவில்லை. தண்ணீர் பால் விட்ட டீ மாதிரி இருக்கிறது. நேற்று ஒரு முழு மரம் வேரோடு பாலத்தடியில் வந்து முட்டி நின்றது. நானும் பக்கத்து ஆலைக்காரரும் கயிறு கட்டி இழுத்தோம். மரம் வந்தது, என் இடுப்பு வரவில்லை.

முன்பதிவு செய்திருந்த தம்பதி வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். வந்திருந்தாலும் ஆற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பார்கள். இந்தக் கலங்கலில் மீனின் மூக்குக்கு நேரே இரையைக் கொண்டுபோய் வைத்தாலும் அதற்குத் தெரியாது. அவசரப்படாதீர்கள். தண்ணீர் தெளிந்ததும் நானே எழுதுகிறேன்.

உங்கள்,
மச்சினன்


ஏப்ரல் 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எழுதுகிறேன் என்றாய். தபால்காரர் வருகிற நேரத்துக்கு நான் கீழே போய் நிற்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். "உங்களுக்கு ஒண்ணுமில்லைங்க" என்று தெருமுனையிலிருந்தே கையை ஆட்டிவிடுகிறார். நல்ல மனிதர், அலைய விடுவதில்லை.

கை மறந்துவிடக்கூடாது என்று மொட்டைமாடிக்குத் தூண்டிலை எடுத்துப் போனேன். முள் கட்டவில்லை, வெறும் நூல்தான். வீசினேன். கை அப்படியே இருக்கிறது. நூல் பின்னால் போய் நேராக நீள்வதற்காகப் பழையபடி ஒரு மூச்சு காத்திருந்தேன். அது நீளவில்லை. திரும்பிப் பார்த்தால் நான்காம் மாடிக்காரரின் போர்வை அந்தரத்தில் ஆடிக்கொண்டிருக்கிறது. கொடியோடு இழுத்துவிட்டேன். உன் அக்கா அவர்களிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து, தூண்டிலைப் பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட்டாள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

மாடியில் ஒன்றே ஒன்று. வேகமாகத் திரும்பினால் தளம் கொஞ்சம் சாய்கிறது. கட்டடக்காரன் சரியாகப் போடவில்லை போலிருக்கிறது.

இப்போது எழுது. தண்ணீரிலிருந்து ஈ எழும்ப ஆரம்பித்ததா? மத்தியானத்தில் ஒரு மணி நேரமாவது மீன் மேலே வந்து கொத்துமே? பனிக்காலம் முடிந்த பசி அதற்கு. இந்தச் சமயத்தில் நான் கரையில் இல்லாமல் இருந்ததே இல்லை. ராத்திரி படுத்தால் கால் விரல்கள் கல்லைத் தேடுகின்றன.

அத்தான்


ஏப்ரல் 15

அத்தான்,

என்ன சொல்ல? தண்ணீர் இன்னும் தெளியவில்லை. வடக்கிலிருந்து காற்று வேறு. வீசினால் நூல் நம் முகத்துக்கே திரும்பி வருகிறது. ஈ எதுவும் எழும்பவில்லை. மீன் எல்லாம் அடியில் படுத்துக் கிடக்கிறது. வந்தவர்கள் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சீட்டாடிவிட்டுப் போகிறார்கள். நீங்கள் வந்தாலும் அதைத்தான் செய்ய வேண்டும். மே மாதம் கழியட்டும்.

வீட்டின் பின்கதவு உப்பிக்கொண்டது, இழைத்துவிட்டேன். முள்ளில் இறகு சுற்றிய பொய் ஈ, சாம்பல் நிறத்தில் மிதக்கிறது, நீங்கள் கட்டி வைத்திருந்த சின்ன டப்பா, தீர்ந்துவிட்டது. இன்னொரு டப்பா எங்கேயாவது வைத்திருக்கிறீர்களா? அலமாரி முழுக்கத் தேடிவிட்டேன். நான் கட்டினால் கோழி குளித்த மாதிரி இருக்கிறது.

மச்சினன்


ஏப்ரல் 21

மாப்பிள்ளை,

டப்பா மாடிப்படிக்கு அடியில், ஆற்றில் இறங்குகிற பழைய ரப்பர் கால்சட்டைக்குள் இருக்கிறது. இடது கால்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். மிதக்கிற ஈயை யார் எப்போது போடுவார்கள்? நிஜ ஈ பறந்து, மீன் மேலே வந்து கொத்துகிறபோது. அதற்குத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். கலங்கல் தண்ணீரில் அதைப் போடுகிறவனை நான் ஆற்றிலிருந்தே கரையேற்றிவிடுவேன் என்று உனக்குத் தெரியும். ஒரு டப்பா ஈ தீர்ந்திருக்கிறது. மீன் கிழித்துக் கிழித்துத் தீர்ந்திருக்கிறது. சீட்டாடித் தீரவில்லை.

ஆறு நன்றாக இருக்கிறது. இந்தப் பல வருஷத்தில் இல்லாத மாதிரி நன்றாக இருக்கிறதோ என்னவோ. நீ என்னிடம் கலங்கல் என்று எழுதிக்கொண்டிருக்கிறாய்.

மீனை ஏமாற்றத்தான் உனக்குச் சொல்லிக் கொடுத்தேன். என்னை எதற்காக? உன் அக்காவிடம் கேட்டேன். "தண்ணி தெளியலைன்னு அவன்தான் எழுதறானே" என்று சொல்லிவிட்டு, வெந்துகொண்டிருந்த சோற்றைக் கிளறப் போனாள். சோறு வெந்து வடித்து அரை மணி ஆகியிருந்தது.

ஒழுங்காகப் பதில் எழுது. இல்லையென்றால் சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன்.

அத்தான்


ஏப்ரல் 25

அத்தான்,

வராதீர்கள். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படியுங்கள்.

முதல் கடிதம் நிஜம். இரண்டாவது பொய். மார்ச் கடைசியிலேயே தண்ணீர் தெளிந்துவிட்டது. அக்கா போன் பண்ணினாள், நீங்கள் குளிக்கும் நேரமாகப் பார்த்து. டாக்டர் அவளையும் உங்கள் பாப்பாவையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். அக்டோபரில் உங்களை விழ வைத்தது பாசி இல்லை. தலைக்குள் ரத்தம் போகிற பாதையில் ஒரு சின்ன அடைப்பு. பிழைத்தது பெரிய விஷயம். ஆனால் காலின் நிதானம் போனது போனதுதான், முழுசாகத் திரும்பாது. தரையில் நடக்கலாம். ஓடுகிற தண்ணீரில் நிற்கவே கூடாது. ஒரு மாதத்துக்கு இல்லை அத்தான். இனிமேலே கூடாது.

"சொன்னா அன்னைக்கே பஸ் ஏறிடுவார்டா. ஆறு மோசமா இருக்குன்னு எழுது. கோடை வரைக்கும் ஓட்டிட்டா இந்த வீடு பழகிடும்" என்று அழுதாள். அக்கா அழுது நான் பார்த்ததில்லை. போனில் கேட்பது அதைவிட மோசமாக இருந்தது.

அக்காவுக்காக மட்டும் எழுதினேன் என்றால் அதுவும் பொய். காலையில் ரப்பர் கால்சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கும்போது எனக்குப் பிடித்திருக்கிறது. வருகிறவர்கள் போன வாரம் என்னைக் கேட்டு வந்தார்கள். நீங்கள் வந்துவிட்டால் நான் மறுபடியும் கைவலை தூக்கிக்கொண்டு பின்னால் நடக்க வேண்டும் என்று ஒரு நாள் நினைத்தேன். ஒரு நாள்தான். ஆனால் நினைத்தேன்.

திட்டி எழுதுங்கள். ஆனால் எழுதுங்கள்.

மச்சினன்


ஜூலை 2

அத்தான்,

உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. போன் பண்ணினால் அக்கா எடுக்கிறாள். "வராந்தால நடக்கறார்" என்கிறாள். எப்போது பண்ணினாலும் அதே பதில்.

இனிமேல் உள்ளது உள்ளபடி எழுதுகிறேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். எழுதுகிறேன். தண்ணீர் ரொம்ப இறங்கிவிட்டது. துறையில் கணுக்காலுக்கு மேல் ஏறவில்லை. வெயில் ஏறியதும் தண்ணீர் சூடாகிறது. மீன் நிழலுக்குள் போய் வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. அந்த நேரத்தில் பிடித்தால் திரும்ப விட்டாலும் பிழைக்காது. அதனால் பத்து மணிக்கே எல்லோரையும் கரையேற்றிவிடுகிறேன். ஒருவர் சண்டைக்கே வந்தார். "நான் என்ன மீன் வேடிக்கை பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தேன்?" என்றார். ஆமாம், வேடிக்கை பாருங்கள் என்றேன். நீங்களாக இருந்தால் இன்னும் பதமாகச் சொல்லியிருப்பீர்கள்.

ஆனால் விடியற்காலை இருக்கிறதே அத்தான். ஆற்றின் மேல் வளைவில் மூடுபனி தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. சத்தமே இல்லை. அந்தச் சாய்ந்த மரத்துக்குக் கீழே ஒரு வளையம் விழுகிறது, அவ்வளவு மெதுவாக. சின்ன மீன் என்று நினைத்துப் போட்டேன். கை நீளத்துக்கு வந்தது. முதுகு முழுக்கக் கருப்பும் சிவப்புமாகப் புள்ளி. தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளை எடுத்தேன். கொஞ்ச நேரம் உள்ளங்கைக்கு மேலேயே நின்றது. பிறகு அதுவாகக் கிளம்பிப் போனது.

இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

மச்சினன்


செப்டம்பர் 26

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் ஜூலைக் கடிதத்தைப் படித்துவிட்டு நான் அங்கே வந்தேன். உனக்குத் தெரியாது.

கண்ணாடிக் கடைக்குப் போகிறேன் என்று உன் அக்காவிடம் சொல்லிவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்தேன். நீ ஆட்களோடு மேல் வளைவில் இருந்தாய், பேச்சுச் சத்தம் கேட்டது. நான் துறைக்குப் போனேன். நீ எழுதியது சரி, கணுக்கால் அளவுதான். குழந்தைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கடக்கிற தண்ணீர். கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, கைத்தடியை ஊன்றி இறங்கினேன்.

முதல் அடி நன்றாக இருந்தது. அந்தக் குளிர்ச்சி காலில் ஏறியதும், டாக்டராவது கீக்டராவது என்று நினைத்தேன். அடுத்த அடியில் கண் தண்ணீரோடு போயிற்று. கண்ணோடு தலை போயிற்று. எதிர்க்கரை மரங்கள் எல்லாம் ஒரு பக்கமாக நடக்க ஆரம்பித்தன. எப்படி என்று தெரியவில்லை, ஆற்றின் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன், மடியின் மேல் தண்ணீர் ஓடுகிறது. எழுந்திருக்கப் பார்த்தேன், முடியவில்லை. கையையும் முட்டியையும் ஊன்றித் தவழ்ந்துதான் கரை ஏறினேன். யாரும் பார்க்கவில்லை. யாராவது பார்த்துவிடுவார்களோ என்றுதான் அப்போதும் கவலைப்பட்டேன்.

மரத்தடியில் கிடந்தேன். வளைவிலிருந்து நீ யாரிடமோ சொன்னது காற்றில் வந்தது. "கையை அவசரப்படுத்தாதீங்க, நூல் பின்னால போய்ச் சேரட்டும்." நன்றாகச் சொன்னாய். கூப்பிடலாமா என்று இருந்தது. ஈரக் கால்சட்டையோடு என்ன கூப்பிடுவது? அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டேன்.

உன் அக்கா கதவைத் திறந்தாள், என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கண்ணாடி எப்ப தருவாங்களாம்?" என்று கேட்டாள். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். "இந்த ஈரத்தோடயா பஸ்ல உக்காந்து வந்தீங்க?" என்றாள். துண்டை எடுத்து வந்து காலைத் துடைத்துவிட்டாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

உன்மேல் கோபம் இருந்தது. பொய் சொன்னதற்குக்கூட இல்லை. என் காலைப் பற்றி நீங்கள் மூன்று பேரும் பேசி முடித்துவிட்டீர்கள், கால்காரனைக் கூப்பிடவில்லை. அந்தக் கோபம் இத்தனை நாள் பிடித்தது. இப்போது இல்லை என்று சொல்ல மாட்டேன், குறைந்திருக்கிறது.

வீட்டையும் ஆட்களையும் நீயே பார்த்துக்கொள். தூண்டில்கள் எல்லாம் உன்னுடையவை. நான் அங்கே வந்து இருக்க மாட்டேன். எல்லோரும் என்னைக் கரையில் நாற்காலி போட்டு உட்காரச் சொல்வீர்கள். உட்காருவேன், ஒரு வாரம். பிறகு இறங்குவேன். என்னை எனக்குத் தெரியும்.

ஒன்று கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதே. இனிமேல் ஆற்றைப் பற்றி எழுதாதே. மோசமாக இருக்கிறது என்றும் வேண்டாம், நன்றாக இருக்கிறது என்றும் வேண்டாம். நீ எழுதுகிற நேர்த்தியில் நான் திரும்பவும் பஸ் ஏறிவிடுவேன். வேறு ஏதாவது எழுது. ஆனால் எழுதாமல் இருந்துவிடாதே.

அன்புடன்,
அத்தான்


அக்டோபர் 14

அன்புள்ள அத்தானுக்கு,

மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். உங்களுக்கு எழுத எனக்கு வேறு விஷயமே தெரியவில்லை. கல்யாணப் பந்தியில் முதன்முதலாகப் பக்கத்தில் உட்கார்ந்த அன்றைக்கே நாம் பேச ஆரம்பித்தது அதைப் பற்றித்தான். அதை எடுத்துவிட்டால் நாம் இரண்டு பேரும் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவர்கள் மாதிரி இருக்கிறோம்.

இருந்தாலும் முயற்சி செய்கிறேன். சமையலறைக் கூரை ஒழுகியது, ஆலைக்காரர் வந்து தகடு மாற்றினார். எனக்கு முட்டை வேகவைக்க வருகிறது, பொரிக்க வரவில்லை. ராத்திரியில் பேச்சுத்துணைக்கு ரேடியோ போடுகிறேன். அதில் ஒருவர் தினமும் இங்கிதமாக எப்படி நடந்துகொள்வது என்று சொல்கிறார், கேட்கக் கேட்க ஆத்திரமாக வருகிறது. சனிக்கிழமையோடு வருகிறவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். வீடு பெரிசாகிவிட்டது. அடுத்த மாதம் ஒரு வாரம் அங்கே வரலாமா? மூன்றாவது மாடியில் ஒருவருக்குப் படுக்க இடம் இருக்குமா என்று அக்காவிடம் கேட்டுச் சொல்லுங்கள். வராந்தாவில் உங்களோடு நானும் நடக்கிறேன். தையல்காரர் வந்தால் இரண்டு பேராகத் தேடுகிறோம் என்று சொல்லிக்கொள்வோம்.

கிழித்த தாள்களை அடுப்பில் போடுமுன் நீங்கள் எழுதிய கடிதங்களை எடுத்துத் திரும்பப் படித்தேன். பிறகு நான் என்னவெல்லாம் எழுதினேன் என்று யோசித்துப் பார்த்தேன். காற்று, தண்ணீர், மரம், என் இடுப்பு, பின்கதவு. ஒரு கடிதத்தில்கூட நான் உங்களைக் கேட்கவில்லை. கேட்டால் நீங்கள் பதில் சொல்லிவிடுவீர்களோ என்ற பயம்தான்.

இப்போது கேட்கிறேன். எப்படி இருக்கிறீர்கள் அத்தான்? தலை சுற்றுகிறதா, எந்த நேரத்தில் சுற்றுகிறது? ராத்திரி தூக்கம் வருகிறதா? உள்ளது உள்ளபடி எழுதுங்கள்.

உங்கள் அன்பு,
மச்சினன்