கேட் ஒன்பதில் ஆளில்லை

டெக்சாஸ்
புதன்கிழமை

அன்புள்ள மகன் லாமருக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் நலம், அவருடைய இடது கணுக்கால் மட்டும் நலமில்லை, அது மாவுக்கட்டுக்குள் இருக்கிறது. அலாஸ்காவில் நீ சுகமாகத்தான் இருப்பாய், அங்கே பனி பெய்தால் பெய்துவிட்டுப் போகிறது, யாரும் கண்டுகொள்வதில்லை. இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

போன வியாழக்கிழமை மழை பெய்தது, விழுந்த மழை விழுந்த இடத்திலேயே கண்ணாடியாக உறைந்துவிட்டது. ஃபுட்பால் இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. முதல் தடவையாக நம் ஊருக்கு வருகிறது என்று ஒரு வருடமாக ரோட்டோரமெல்லாம் பூச்செடி நட்டார்கள், விமான நிலையத்தில் பனைமரப் படம் போட்டு 'குளிரை மறக்க வாருங்கள்' என்று பெரிய பலகை வைத்தார்கள். அந்தப் பலகைக்கு அடியில்தான் ஆயிரக்கணக்கான பேர் கோட்டைத் தலைக்கு வைத்துத் தரையில் படுத்துக் கிடந்தார்கள், குளிரை மறந்தார்களா என்று தெரியவில்லை. உப்புத் தூவ ஊருக்கு மொத்தம் இரண்டு லாரி, ஒன்று வெள்ளிக்கிழமை காலையில் சறுக்கிப் பள்ளத்தில் இறங்கியது, அதைத் தூக்கிவிடப் போன இன்னொன்றும் அதற்குத் துணையாக அங்கேயே இறங்கிக்கொண்டது. கடையில் ரொட்டியும் பாலும் தீர்ந்துபோய், பக்கத்து வீட்டு டெல்ஃபின் மிஞ்சியிருந்த பன்னிரண்டு பாட்டில் வெள்ளரி ஊறுகாயை அள்ளிக்கொண்டு வந்தாள், எதற்கென்று அவளுக்கே தெரியாது. மதியம் கரண்டும் போனது. அதற்கு முன்னால்தான் நீ போனில் சொன்னாய், "ரெண்டு அங்குலப் பனிக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம், இங்க பிள்ளைங்க இதுல சைக்கிள்ல பள்ளிக்கூடம் போகுதுங்க" என்று. அந்த ஆறுதலைத்தான் நாங்கள் இரண்டு பேரும் போர்த்திக்கொண்டு படுத்தோம், நல்ல கதகதப்பு.

உன் அப்பா இருபத்துமூன்று வருடமாக அந்த ஸ்டேடியத்தில் கேட் ஒன்பதில் நின்று டிக்கெட் பார்க்கிறார், மே மாதத்தோடு ஓய்வு. கடைசி வருடத்தில் இறுதி ஆட்டம் தனக்காகவே வருகிறது என்று நினைத்துக்கொண்டு ஒரு வாரம் முன்னாலேயே சீருடையை இஸ்திரி போட்டு மாட்டிவைத்தார். ஆட்டம் நடக்கும், ஊழியர்கள் முடிந்தால் வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். 'முடிந்தால்' என்கிற சொல் மட்டும் அவர் காதில் விழவில்லை. ஞாயிறு காலை, தெருமுனை வரைக்கும் போய் ரோடு எப்படி இருக்கிறதென்று பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னார். சீருடையோடு, ஷூவுக்கு மேலே என்னுடைய கம்பளிக் காலுறையை மாட்டிக்கொண்டு யார் தெருமுனையைப் பார்க்கப் போவார்கள்? எனக்குப் புரிந்தது, இருந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நாற்பது வருடத்தில் நான் வாயை மூடிய ஒரே நாள் அதுதான், நல்ல நாளாகப் பார்த்து எடுத்தேன்.

மதியம் கதவு தட்டும் சத்தம். என் வயதுக்காரி ஒருத்தி, மெல்லிய ஸ்வெட்டரோடு நிற்கிறாள். "ஓடெல் பிக்கெட் வீடு இதுதானுங்களா?" என்று உன் அப்பா பெயரைச் சொல்லிக் கேட்டாள். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன் லாமர். அவளும் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "உயிருக்கு ஒண்ணுமில்லம்மா, கால்தான்" என்றாள்.

அவள் பெயர் மார்கிட், விஸ்கான்சின்காரி. விமானம் ரத்தானதால் அவளும் அவள் அண்ணன் ஹெரால்டும் இருபது மணி நேரம் காரோட்டி ஆட்டம் பார்க்க வந்திருக்கிறார்கள். பெட்ரோல் பங்க் சரிவில் உன் அப்பா மல்லாந்து கிடந்திருக்கிறார். தங்கள் குழுவின் தொப்பியோடு தூக்கப் போன இருவரிடமும் இந்த மனிதர் சொன்ன முதல் வார்த்தை, "நேரா கேட் ஒன்பதுக்குப் போங்க, அங்கதான் கூட்டம் கம்மி." அண்ணன் அவரோடு ஆஸ்பத்திரியில் இருக்க, தங்கை என்னைக் கூட்டிப்போக வந்திருந்தாள்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஊரே வழுக்கி விழுந்து கிடந்தது. எங்கள் முறை வந்து கட்டுப் போட்டு முடிக்க மாலை ஆகிவிட்டது. ஆட்டத்துக்குப் போங்கள் என்று நான் ஐந்து தடவை சொன்னேன், அப்பா பத்துத் தடவை சொன்னார். ஹெரால்ட், "பனி டயர் இருக்கிற வண்டி இங்க எங்களோடது மட்டுந்தான். நாங்க போயிட்டா உங்கள யாரு வீட்டுல விடுவாங்க?" என்று கேட்டுவிட்டுச் சட்டமாக உட்கார்ந்துகொண்டார். சுவரில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. பாதி இருக்கைகள் காலி. ஒரு தடவை வாசல்களைக் காட்டினார்கள், ஒன்பதாம் எண் கேட் திறந்து கிடக்கிறது, ஆளே இல்லை, வந்தவர்கள் தங்கள் பாட்டுக்கு உள்ளே போகிறார்கள். அப்பா அதைப் பார்த்தார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. 

ஹெரால்ட் எழுந்து ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு அப்பா முன்னால் போய் நின்று போனில் டிக்கெட்டை எடுத்து நீட்டினார். "சார், நாங்க ரெண்டு பேரு" என்றார். அப்பா கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். போனை வாங்கி இரண்டு டிக்கெட்டையும் பொறுமையாகப் பார்த்தார். "பை எதுவும் உள்ள கொண்டு போகக் கூடாது. இடது பக்கம் போங்க. ஆட்டத்த நல்லா ரசிங்க" என்றார். அண்ணனும் தங்கையும் நன்றி சொல்லிவிட்டு அவருக்கு இடது பக்கத்து நாற்காலிகளில் போய் உட்கார்ந்தார்கள். அவர்கள் குழு படுதோல்வி அடைந்தது, அதற்காகத்தானே அவ்வளவு தூரம் வந்தார்கள்.

இரண்டு நாள் நம் வீட்டில் தங்கி, கேஸ் அடுப்பில் நான் செய்த சோளரொட்டியைத் தின்றுவிட்டு நேற்றுதான் கிளம்பினார்கள். வழிக்கு டெல்ஃபின் ஆறு பாட்டில் ஊறுகாய் கொடுத்தாள். இப்போது வெயில் கொளுத்துகிறது, ஊரே அரைக்கால் சட்டையில் அலைகிறது, பனியா, எந்தப் பனி என்று கேட்கும்போல.

கடவுள் உனக்கு நல்ல உடம்பையும், அம்மா பேசி முடிக்கும்வரை போனை வைக்காத பொறுமையையும் கொடுக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூப்பிடு. டிவி பார்த்து அழுததை நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. ஹெரால்ட் டிக்கெட் நீட்டிய கதையை அவரே சொல்லுவார், முதல் தடவை கேட்பதுபோல் கேள்.

என்றும் உன் அம்மா,
வெர்னா பிக்கெட்