தறிக்குள் ஒரு விசில்

செல்லூர்,
வியாழக்கிழமை

அன்புள்ள செல்வி அக்காவுக்கு,

முதலில் என் காதில் விழுந்தது ஒரு மெல்லிய விசில் சத்தம். முருகம்மாள் அத்தைக்குக் காய்ச்சல் என்று, போன ஞாயிறு அவளுக்குப் பதிலாகத் திருநகர் தியான மண்டபத்தைக் கூட்டப் போயிருந்தேன். பவதாரிணி என்று ஒரு அக்கா, நீளமான வாத்தியம் ஒன்றை மடியில் கிடத்தி, தறியில் பாவு நூல் கட்டியது போல நெருங்கிக் கிடந்த தந்திகளை வருடியபடி அடிக்குரலில் 'ஊ' என்று இழுத்துக்கொண்டிருந்தார். நாற்பது பேர் கண்மூடி உட்கார்ந்திருந்தார்கள். மேலே விசில். காற்றாடியில் பேரிங் போய்விட்டது என்று நினைத்து சுவிட்சை அணைத்துவிட்டேன். காற்றாடி நின்றது, விசில் நிற்கவில்லை. அது அவர் வாயிலிருந்து வந்தது அக்கா. ஒரே தொண்டையில் இரண்டு குரல்!

முடிந்ததும், காத்தாடி ரிப்பேர் பாக்க வந்தியாம்மா என்று சிரித்தார். நான் பதில் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, இன்னொரு தடவை பேசு என்றார். இந்த மாதிரி தடித்த குரலில் இது நன்றாக வருமாம். நாக்கை எப்படி மடக்குவது என்று காட்டினார். பௌர்ணமிக்கு என்கூட உக்காந்து பாடுறியா என்று கேட்டார். துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

ஒன்பதாம் வகுப்பில் இந்த ஆம்பளைக் குரலோடு நான் வாசிக்க எழுந்தாலே, பேயாண்டி மாமா வாராருடீ என்று சிரிப்பார்கள். பள்ளிக்கூடத்தை விட்டது அதனால்தான் என்று உனக்கு மட்டும்தான் தெரியும். போனில் பேசாமல் இப்படி எழுதிக்கொண்டிருப்பதும் அதனால்தான். அம்மாவிடம் சொன்னதற்கு, நாப்பது பேருக்கு முன்னாடியா, நீயா என்றாள்.

நான்கு நாளாக இதே யோசனைதான். நூல் அறுந்தது தெரியாமல் இரண்டு முழம் துணியைக் கெடுத்துவிட்டேன். தறிச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று அந்த விசிலைப் பாடிப் பார்க்கிறேன். பக்கத்துத் தறி ஆண்டிச்சாமி அண்ணனுக்குக் கேட்டுவிட்டது. ஏத்தா, ஒந் தறி என்ன இம்புட்டுக் கீச்சுங்குது, எண்ணெ விட மாட்டியா என்று எண்ணெய்க் குப்பியோடு வந்து தறிக்கடியில் குனிந்து தேடுகிறார். நான் வாயை மூடிக்கொள்வேன். எண்ணெய் வேலை செய்தது என்று போய்விடுவார். மூன்று நாளாக இதே கதை.

பனியன் கம்பெனியில் உனக்கு வேலை அதிகம் என்று தெரியும். பாடப் போடீ என்று ஒரே ஒரு வரி எழுதிவிடு அக்கா. நீ சொன்னால்தான் எனக்குக் கால் நகரும். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் தங்கை,
முத்துமீனா

பி.கு. கடிதத்தை ஒட்டாமல் தறிப் பட்டறைக்குக் கொண்டு வந்திருந்தேன். இன்றும் ஆண்டிச்சாமி அண்ணன் தன் தறியை நிறுத்திவிட்டுக் குப்பியோடு வந்து குனிந்தார். நான் என் தறியையும் நிறுத்தினேன். வாயை மூடவில்லை. தறி நின்றது, விசில் நிற்கவில்லை.